பூஜை போட்டீங்க சரி, ஆயில் மாத்தினீங்களா?

"வித்துத் தொலைங்க சார். முப்பது வருஷ வண்டி. இதுக்கு மேல இதுல காசைக் கொட்டறது வேஸ்ட்."

போன தை மாசம், நவரைக்கு சேடை ஓட்டி முடிச்ச கையோட, எங்க டிராக்டரைப் பார்த்து ஒருத்தர் சொன்னது இது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவர். பேரெல்லாம் வேண்டாம், அவர் மேல எனக்கு அவ்வளவா கோபமும் இல்லை. கோபம் எல்லாம் எங்க வீட்டு ஆளுங்க மேலதான், முக்கியமா என் மேல. இதைப் படிக்கிற உங்க மேலயும் கொஞ்சம் இருக்கு. ஏன்னு சொல்றேன். நீளமான பதிவு மக்களே, ஒரு டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

வண்டி மாஸி ஃபெர்குசன் 1035. சிம்சன் இன்ஜின். உத்திரமேரூர் பக்கத்துல எங்க கிராமத்துக்கு 1994-ல் அப்பா லோன் போட்டு ஓட்டிக்கிட்டு வந்தார். எங்க நிலத்தோட சேர்த்து ஊர்ல பாதி நிலத்தை உழுதது அதுதான். அக்கா கல்யாணம், என் காலேஜ் ஃபீஸ் எல்லாம் அதோட வாடகையில வந்தது. இப்பவும் சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு மூணு பட்டத்துக்கும் அதுதான் இறங்குது.

ஆறேழு மாசமா கியர் பாக்ஸ்ல தகராறு. டிரெய்லர்ல நெல்லு மூட்டை ஏத்திக்கிட்டு மேட்டுல ஏறினா, ரெண்டாவது கியர் 'டக்'குனு நியூட்ரலுக்கு வந்துடும். லோடோட பின்னாடி உருளற வண்டிய பிரேக்குல நிறுத்தறதுக்குள்ள உசுரு போயி வரும். கூடவே ஒரு ஊளைச் சத்தம். ஐட்ராலிக் லிஃப்ட் கலப்பையைத் தூக்கறப்ப விட்டு விட்டுத் தூக்கும். அந்த ஒர்க்‌ஷாப்காரர் ஓட்டிப் பார்த்தார், சத்தம் கேட்டார், தாள்ல எழுதிக் கொடுத்தார். ஃபுல் கியர் செட், ஷாஃப்ட், பேரிங், கிளட்ச், கூலி எல்லாம் சேர்த்து 1,10,000 ரூபாய். அதுக்கு அடுத்த வரிதான் மேலே சொன்ன 'வித்துத் தொலைங்க'. எக்ஸ்சேஞ்சுல புது வண்டி எடுக்கலாமாம், லோனும் அவங்களே ஏற்பாடு பண்ணித் தருவாங்களாம்.

அப்பாவுக்கு வயசு 68. இந்த வயசுல இன்னொரு டிராக்டர் லோனா? ராத்திரி பூரா அவர் தூங்கலை. ஒன்றரை ஏக்கரை வித்துடலாமான்னு அம்மாகிட்ட பேசறது எனக்குக் கேட்டுது.

மறுநாள் அம்மாதான் சொன்னாங்க, "எதுக்கும் நம்ம மேஸ்திரியைக் கூப்ட்டு ஒரு வார்த்தை கேளேன்"னு.

மேஸ்திரின்னா எங்க பக்கத்து டிராக்டர் மெக்கானிக். அறுபதைத் தாண்டினவர். பட்டறைன்னு பேரு, உண்மையில ஒரு புளியமரம், ஒரு தகரக் கொட்டாய், ஒரு செயின் பிளாக். விடியற்காலையில வந்தார். வண்டிய ஸ்டார்ட் பண்ணப் போன என்னைத் தடுத்தார். "இருப்பா, எழுப்பாத. தூங்கறப்பதான் உண்மை தெரியும்"னுட்டு, கீழே படுத்து கியர் பாக்ஸ் டிரெயின் போல்ட்டை முழுசாக் கழட்டாம லேசா தளர்த்தினார்.

முதல்ல வந்தது தண்ணி. செம்மண் கலர்ல, அரை லிட்டருக்குக் குறையாம. அதுக்கப்புறம் வந்தது ஆயில். ஆயிலா அது? பால் தூக்கலா போட்ட காபி மாதிரி இருந்துது. "ஒரு டம்ளர் கொண்டாயேன் தம்பி, குடிச்சுட்டு வேலையப் பார்ப்போம்"னார். எனக்கு சிரிப்பு வரலை.

டிராக்டர் தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். லாரி மாதிரி டிராக்டருக்குத் தனியா சேஸிஸ் கிடையாது. இன்ஜின், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் மூணையும் ஒண்ணோட ஒண்ணு போல்ட் போட்டு இறுக்கினா அதுதான் வண்டியோட முதுகெலும்பு. கிளட்ச் பிளேட்டைப் பார்க்கணும்னாக்கூட வண்டிய நடுவுல ரெண்டா பிரிக்கணும். எங்க வண்டியோட பரம்பரை 1956-ல் இங்கிலாந்துல வந்த ஃபெர்குசன் 35. அந்த டிசைன்ல கியர் பாக்ஸுக்கும், பின் ஆக்சிலுக்கும், லிஃப்டைத் தூக்கற ஐட்ராலிக் பம்புக்கும் ஒரே ஆயில். முப்பது லிட்டருக்கு மேல பிடிக்கும். பம்பு அந்த ஆயிலுக்குள்ளயே முங்கிக் கிடக்கும். அதனால ஆயில் கெட்டா கியர் மட்டும் கெடாது, எல்லாமே சேர்ந்து கெடும். கியர் தனியா, லிஃப்ட் தனியா ரெண்டு நோய்னு நாங்க நினைச்சது ஒரே நோய்தான்.

தண்ணி எப்படி உள்ள போச்சு? சேடை ஓட்டறப்ப கேஜ் வீல் மாட்டிக்கிட்டு முழங்கால் சேத்துல மணிக்கணக்கா வண்டி நிக்குது. ஆக்சில் ஆயில் சீல் தேஞ்சிருந்தா அந்த வழியா போகும். ஓட்டி முடிச்சதும் பம்பு செட் தண்ணிய வேகமா அடிச்சுக் கழுவறோமே, அப்ப கியர் லிவர் அடியில இருக்கற ரப்பர் பூட் கிழிஞ்சிருந்தா அந்த வழியாவும் போகும். எங்க வண்டியில அந்த ரப்பர் கிழிஞ்சு நாலு வருஷம் ஆகுது. அதுக்குப் பதிலா ஒரு பால் கவரைச் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டிருந்துது.

அந்தப் பால் கவரைக் கட்டினவன் நான்தான் :-(

தண்ணி கலந்த ஆயில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல நிக்காது. பேரிங் குண்டுகள்ல துரு ஏறி, அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். குழி விழுந்த பேரிங் ஆடும், பேரிங் ஆடினா ஷாஃப்ட் ஆடும், ஷாஃப்ட் ஆடினா கியர் கழண்டு வரும். இதுல வண்டியோட வயசு எங்க வருது? பத்து வருஷத்து வண்டியில இந்த ஆயிலை ஊத்தி ஓட்டியிருந்தாலும் இதே கதிதான்.

ஆயில் கடைசியா எப்ப மாத்தினதுன்னு மேஸ்திரி கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். இத்தனை மணி நேரம் ஓடினா மாத்தணும்னு புக்குல போட்டிருக்கும். எங்க வண்டியில ஹவர் மீட்டர் செத்தே பத்து வருஷம் ஆச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும். ஒரு வருஷம்கூட ஆயுத பூஜையை விட்டதில்லை. வண்டியைக் கழுவி (அதே பம்பு செட் தண்ணியில, அதே கிழிஞ்ச ரப்பர் மேல), பானெட்டுக்கு சந்தனம் குங்குமம் வச்சு, ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு கட்டி, பூசணிக்காய் உடைச்சு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி, ஊர்ல யார் வீட்டு வண்டிக்கும் குறையாத பூஜை. பூஜை வேண்டாம்னு சொல்ல வரலை, எனக்கும் பொரி கடலை பிடிக்கும். வருஷா வருஷம் பூஜைக்குன்னு ஒரு தொகையைத் தவறாம எடுத்து வைக்கத் தெரிஞ்ச குடும்பத்துக்கு, 150 ரூபாய் ரப்பர் பூட்டை வாங்க நாலு வருஷமா மனசு வரலையேன்னுதான் கேக்கறேன். சாமி கும்பிடற அன்னிக்கே டிரெயின் போல்ட்டைத் தளர்த்திப் பார்க்கிற வழக்கம் நம்ம தாத்தாக்கள் காலத்துல ஆரம்பிச்சிருந்தா, இந்த ஊர்ல பாதி கியர் பாக்ஸ் பொழச்சிருக்கும்.

சரி, கதைக்கு வர்றேன். மேஸ்திரி எதையும் உடனே மாத்தச் சொல்லலை. கியர் கழண்டு வர்றதுக்குக் காரணம் நாலு இருக்கலாம்னார். லிவரைப் பிடிச்சு நிறுத்தற ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். கியரைத் தள்ளற ஃபோர்க் தேஞ்சிருக்கலாம். பேரிங் ஆடலாம். கடைசியாத்தான் கியர் பல்லு. செலவு கம்மியானதுல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா பார்த்துக்கிட்டே போகணுமாம். மூணு நாள் எடுத்தார். புளியமரத்துல செயின் பிளாக் போட்டு வண்டியை ரெண்டா பிரிச்சார். ஒவ்வொரு பல்லா டீசல்ல கழுவி, விரல் நகத்தால தடவிப் பார்த்தார். பல்லு நல்லா இருந்துது. பேரிங் ரெண்டு போயிருந்துது. ஸ்பிரிங் தளர்ந்திருந்துது. சீல் எல்லாம் போச்சு. கிளட்ச் இன்னும் ரெண்டு மூணு பட்டம் தாங்கும்னார்.

செலவுக் கணக்கு இதோ. ஆயில் 9,600. பேரிங் ரெண்டும் 3,400. சீல், பேக்கிங், ஸ்பிரிங், ரப்பர் பூட் எல்லாம் 2,150. ஆக மொத்தம் 15,150. இது போக மேஸ்திரியும் அவர்கூட வந்த ஒரு பையனும் மூணு நாள் செஞ்ச வேலைக்குக் கூலி 6,000 கேட்டார்.

இனிமேதான் அசிங்கமான இடம்.

ஆயில் கடையில அப்பா ஒரு ரூபாய் குறைச்சுக் கேக்கலை. பேரிங் டப்பா மேல அச்சடிச்ச விலையை அப்படியே எண்ணிக் கொடுத்தார். மேஸ்திரி 6,000 கேட்டதும், "இன்னாப்பா, மூணு நாள் வேலைக்கு ஆறாயிரமா? நாலாயிரம் வாங்கிக்க"ன்னார். 1,10,000 செலவாகும்னு சொன்ன இடத்துல இருந்து எங்களைக் காப்பாத்தினவர்கிட்ட ரெண்டாயிரத்துக்கு பேரம். மேஸ்திரி ஒண்ணும் பேசலை, நாலாயிரத்தை வாங்கி மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டார். நான் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தேன். நானும் ஒண்ணும் பேசலை.

அப்புறமா வீட்டுல கேட்டேன், "ஏம்பா அவர்கிட்டப் போயி?"ன்னு. அப்பா திருப்பிக் கேட்டார். "நீ மெட்ராஸ்ல உன் காரை சர்வீஸ் விட்டு லேபர் சார்ஜு, அதுக்கு மேல ஜிஎஸ்டின்னு கட்டினியே, அங்க பேரம் பேசினியா?" இல்லைதான். பில்லு பிரிண்ட் ஆகி வந்தா கட்டிடறோம், கறை படிஞ்ச கையோட ஒருத்தர் வாயால சொன்னா பேரம் பேசறோம். பொருளுக்கு விலை உண்டு, வேலை தெரிஞ்ச கைக்கு விலை கிடையாதுன்னு நமக்கு நாமே முடிவு பண்ணி வச்சிருக்கோம். மேஸ்திரியோட பையன் ஒரகடத்துல ஒரு கம்பெனியில வேலை பார்க்கிறான். காலையில கம்பெனி பஸ் ஊருக்கே வந்து ஏத்திக்கிட்டுப் போகுது. அப்பன் தொழிலை ஏன்டா கத்துக்கலைன்னு அவனை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் கேக்கறது? இவருக்கு அப்புறம் வண்டியைப் பிரிச்சுப் பார்க்க ஆள் இருக்காது. அப்ப 'ஃபுல் செட் மாத்து'ங்கறது ஒண்ணுதான் பாக்கி இருக்கும். அந்த நிலைமையைக் கொண்டு வர்றது எந்தக் கம்பெனியோ இல்லைங்க, நாம பேசற ரெண்டாயிரம் ரூபா பேரம்.

ஊர்ப் பெருமை பேச நாங்க சளைச்சவங்க கிடையாது. உத்திரமேரூர்னா குடவோலைக் கல்வெட்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல, முதலாம் பராந்தக சோழன் காலத்துல, 919-லயும் 921-லயும் வெட்டினது. 2020 டிசம்பர்ல டெல்லியில புது பார்லிமென்ட் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினப்ப பிரதமர் பேச்சுலகூட எங்க ஊர் பேர் வந்துது. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டோம். ஆனா ஓலை எழுதிக் குடத்துல போட்டாங்கங்கறதோட எல்லாரும் நிறுத்திக்கறோம். எதுக்காக ஆள் எடுத்தாங்கன்னு அதே கல்வெட்டுல இருக்கே, அதையும் படிங்க. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர். ஏரி வாரியத்தோட வேலை ஏரியைப் பார்த்துக்கறது. வருஷத்துக்கு ஒரு தரம் புது ஆளுங்க. முன்னாடி வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரை ஓலையில எழுதவே கூடாது, அவன் சொந்தக்காரங்க பேரும் கூடாதுன்னு இருக்கு. ஏரி இருந்தா மட்டும் போதாது, வருஷா வருஷம் அதைப் பார்த்துக்க ஆளும், அந்த ஆளுக்கு ஒரு மரியாதையும், கையில கணக்கும் வேணும்னு ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி தெரிஞ்சு வச்சிருந்த ஊர் சார் இது. அந்த ஊர்ல ஒரு கியர் பாக்ஸுக்கு ஆயில் மாத்தின தேதி எழுதி வைக்கத் துப்பில்லை எங்களுக்கு.

வெளியூர்ல இந்த விஷயத்துக்கு சட்டமே போட்டுக்கிட்டிருக்காங்க. அமெரிக்காவுல புது டிராக்டர் நின்னு போனா, கம்பெனி ஆள் வந்து சாஃப்ட்வேரைத் திறந்தாத்தான் பழுது பார்க்க முடியுங்கற நிலைமை. விவசாயிங்க வருஷக்கணக்கா சண்டை போட்டு, 2023-ல் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளைச் சொந்தக்காரரே பழுது பார்க்கற உரிமையைச் சட்டமாக்கினது. இங்கயும் 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதுக்காக ஒரு குழு போட்டுது. எடுத்துக்கிட்ட நாலு துறைகள்ல விவசாயக் கருவியும் உண்டு, வாகனமும் உண்டு. அதே வருஷம் டிசம்பர்ல இதுக்குன்னு ஒரு இணையதளமும் வந்துது. நல்ல விஷயம். ஆனா எங்க 1035-க்கு எந்த சாஃப்ட்வேர் பூட்டும் கிடையாது. ஸ்பானர் செட்டும் செயின் பிளாக்கும் இருந்தா முழுசாத் திறந்துடலாம். அவங்க சண்டை போட்டு வாங்கற உரிமை நம்ம களத்துமேட்டுல சும்மா நிக்குது. நாம அதை எக்ஸ்சேஞ்சுல தள்ளிவிடப் பார்க்கறோம்.

'பதினஞ்சு வருஷம் ஆனா வண்டியை கவர்மென்ட் எடுத்துக்குமாமே'ன்னு டீக்கடையில ஒரு பேச்சு வேற. அப்படியெல்லாம் கிடையாது. பதினஞ்சு வருஷம் தாண்டினா கட்டாயமா கழிக்கணும்னு 2023 ஏப்ரல்ல இருந்து நடைமுறைக்கு வந்தது அரசாங்கத்தோட சொந்த வண்டிகளுக்கு. டெல்லி சுத்துவட்டாரத்து விதி தனி. நம்ம பக்கம் தனியார் வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கணும், வண்டி தகுதியா இருக்கணும். அவ்வளவுதான். இந்த வதந்தியை நம்பி அடிமாட்டு விலைக்கு வண்டியைத் தள்ளினவங்க எங்க ஊர்லயே ரெண்டு பேர் இருக்காங்க.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிடறேன், இல்லேன்னா அடிக்க வருவீங்க. பழசெல்லாம் பொன்னுன்னு நான் சொல்லலை. பழைய டீசல் வண்டி புகை அதிகம் விடும், அது நிஜம். கியர் பல்லு உடைஞ்சிருந்தா மாத்தித்தான் ஆகணும், ஒண்ணு மட்டும் மாத்தாம அதோட ஜோடியையும் சேர்த்து மாத்தணும். உடைஞ்ச பல்லுக்கு வெல்டிங் வைக்கிற கெட்டிக்காரர்கிட்ட இருந்து தள்ளியே இருங்க. அந்த ஒர்க்‌ஷாப்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பாதி பழசு பாதி புதுசுன்னு மாட்டிக் கொடுத்து, மறுபடி நின்னா வாரண்டி யார் கொடுக்கறது? அதனால அவங்களுக்கு முழு செட் மாத்தறதுதான் பாதுகாப்பு. ஆனா அவங்களுக்குப் பாதுகாப்பா இருக்கறது, ஒன்றரை ஏக்கரை விக்கறதா வேண்டாமான்னு முழிச்சுக்கிட்டுப் படுத்திருக்கற 68 வயசுக்காரருக்குப் பாதுகாப்பு இல்லை. திறந்து பார்க்காமலே வயசைச் சொல்லித் தீர்ப்பு எழுதினாங்களே, அதைத்தான் தப்புன்னு சொல்றேன்.

'நமக்கு எதுக்குப்பா டிராக்டர் கதை'ன்னு நகரப் போற பைக் ஆசாமிகளே, ஒரு நிமிஷம். உங்க பைக்குல பெரும்பாலும் இன்ஜின் ஆயில்தான் கியர் பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் சேர்த்து. ஆயில் கறுத்துப் போயி நீங்க தள்ளிப் போடற ஒவ்வொரு மாசமும் கியர் பல்லு மேல விழுது. விலை கம்மின்னு கார் ஆயிலை வாங்கி ஊத்தினா கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கலாம், டப்பாவுல பைக்குக்கான ஜாசோ எம்ஏ ரகமான்னு பார்த்து வாங்குங்க. பழைய புல்லட் வச்சிருக்கற அண்ணன்மாரே, உங்களுக்கு இன்ஜின், கியர் பாக்ஸ், கிளட்ச் பக்கம்னு மூணும் தனித்தனி. ஒண்ணுல ஊத்திட்டு மூணும் நிறைஞ்சுதுன்னு நினைக்காதீங்க. கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டறவங்களுக்கும் விலக்கு கிடையாது. பின் சக்கரத்துக்கிட்ட ஒரு டம்ளர் அளவு கியர் ஆயில் தனியா இருக்கு. அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாம வண்டியை வித்தவங்க எத்தனை பேர்? கையைத் தூக்குங்க பார்ப்போம். கார்க்காரங்க தயவுசெஞ்சு கிளட்ச் பெடல்ல இருந்து காலை எடுங்க, அது கால் வைக்கிற பலகை இல்லை.

போன மாசம் ஊருக்குப் போனப்ப மேஸ்திரியோட புளியமரத்துக்குப் போயி பாக்கி ரெண்டாயிரத்தைக் கொடுத்தேன். அப்பாவுக்குத் தெரியாம இல்லை, அவரே கொடுத்தனுப்பினதுதான். மேஸ்திரி எண்ணிப் பார்க்காம வாங்கிக்கிட்டார். "ரப்பர் பூட் நிக்குதா?"ன்னார். "நிக்குதுண்ணா"ன்னேன். "ஆயில் ஊத்தின தேதியை எங்க எழுதி வச்சிருக்க?"

எழுதலை.

திரும்பி வந்து முதல் வேலையா வெள்ளை பெயிண்ட்ல மட்கார்டு உள்பக்கம் தேதியை எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணல்தான். அடுத்த ஆயுத பூஜைக்கு சந்தனம் வைக்கிறப்ப கண்ணுல படற இடமாப் பார்த்து எழுதியிருக்கேன்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை, பால் கவர் கட்டின பாவி. டெக்னிக்கலா தப்பு ஏதாவது இருந்தா விவரம் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல திருத்துங்க. திட்டறவங்க, திட்டறதுக்கு முன்னாடி ஒரு தரம் உங்க வண்டி ஆயிலைப் பார்த்துட்டு வந்து திட்டுங்க :-)